பெட்ரோல் போதவில்லை: எதை நாமே மாட்டலாம், எதை ஒர்க்ஷாப்பில் விடலாம்?

கார், நின்ற இடத்திலேயே ஓட்டி பவரை அளக்கும் டைனோவின் உருளைகள் மேல் கட்டி நிற்கிறது. பின் சீட்டைக் கழற்றிய இடத்தில் நண்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். மடியில் மல்டிமீட்டர், அதன் இரண்டு ஊசிகளும் பெட்ரோல் பம்பின் பிளக்கில் பின்பக்கமாகச் சொருகியிருக்கின்றன. ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தேன். 4000 ஆர்பிஎம் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது: "பன்னெண்டு... பதினொண்ணரை... டேய், பத்தே முக்கால்டா, காலை எடு!"

எடுத்துவிட்டேன். இரண்டு வாரமாக நான் திட்டித் தீர்த்த புது பம்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை. இன்ஜின் பவரைக் கூட்டுவதற்காக மணிக்கு 340 லிட்டர் தள்ளக்கூடிய பம்பை வாங்கி, சின்ன பம்புக்காகக் கம்பெனி இழுத்திருந்த மெல்லிய வயரிலேயே மாட்டியிருந்தேன். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தும் பம்புக்குக் கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதை. எனக்கு இருந்தது பெட்ரோல் பஞ்சமில்லை, கரண்ட் பஞ்சம்.

"ஃபியூயல் சிஸ்டத்தை நானே மாற்றலாமா, ஒர்க்ஷாப்பில் கொடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் அதை ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். டேங்குக்குள் ஒரு வேலை, வயரில் ஒரு வேலை, லைனிலும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலும் ஒரு வேலை, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியுவில் ஒரு வேலை என்று அதற்குள் நாலு கேள்விகள் இருக்கின்றன. நாலுக்கும் ஒரே பதில் கிடையாது. எனக்குக் கிடைத்த பதில்களைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. இதைப் போடாமல் பொருள் வாங்குபவர்கள்தான் இரண்டு முறை வாங்குகிறார்கள்.

எவ்வளவு வேண்டும்?

டர்போ பெட்ரோல் இன்ஜின் முழு பூஸ்டில், அதாவது டர்போ காற்றை முழுசாக அமுக்கித் தள்ளும்போது, ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.272 கிலோ பெட்ரோல் குடிக்கும். 500 குதிரைத்திறன் வேண்டுமென்றால் 136 கிலோ, அதாவது ஏறக்குறைய 184 லிட்டர். நாலு சிலிண்டருக்குப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 770 சிசி அளவுக்குத் தெளிக்க வேண்டும். ஆனால் இன்ஜெக்டரை மூடாமல் திறந்தே வைத்து ஓட்டக்கூடாது. 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது வழக்கம். அப்படியானால் 960 சிசி. கடைசியில் வாங்குவது 1000 சிசி.

அதே வண்டியை ஈ85-ல், அதாவது 85 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலில், ஓட்ட நினைத்தால் கணக்கு மாறிவிடும். பெட்ரோலுக்கு ஒரு பங்கு எரிபொருளுக்கு 14.7 பங்கு காற்று, ஈ85-க்கு 9.8 பக்கம்தான். ஆக எடையில் 50 சதவீதம், ஈ85 பெட்ரோலைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் லிட்டர் கணக்கில் சுமார் 40 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் 1300-க்கு மேல் போய்விடும், பம்ப் 250 லிட்டரைத் தாண்டியாக வேண்டும். "இப்போது பெட்ரோல், அடுத்த வருஷம் எத்தனால்" என்று மனதில் ஒரு மூலையில் இருந்தாலும் இப்போதே பெரிய கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கம்பெனி எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறது என்பதையும் இதே கணக்கில் தலைகீழாகப் பார்க்கலாம். நாலாம் தலைமுறை டொயோட்டா சுப்ராவின் 2ஜேஇசட்-ஜிடிஇ இன்ஜினுக்கு ஜப்பானில் 440 சிசி இன்ஜெக்டர், அமெரிக்காவில் 550 சிசி. ஆறு 440-ஐ 80 சதவீதத்தில் ஓட்டினால் 345 குதிரைத்திறன் பக்கம் நிற்கும். ஆறு 550 என்றால் 430. ஜப்பானில் கணக்குக்குக் காட்டியது 280, அமெரிக்காவில் 320. இன்ஜின் ஒன்றேதான், ஆனால் ஒருவருக்கு இன்ஜெக்டர் மாற்ற வேண்டிய இடத்தில் இன்னொருவருக்குத் தேவையே இல்லை. யாரோ ஒருவர் மாட்டினார் என்பதற்காக அதே கிட்டை வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிரஷர், பம்ப், முழு சிஸ்டம்

மலிவான வழி, இருக்கிற இன்ஜெக்டரிலேயே பிரஷரை ஏற்றுவது. ஓட்டம் பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பாரிலிருந்து (பார் என்பது பிரஷரின் அலகு) 4 பாருக்கு ஏற்றினால் 15 சதவீதம்தான் கூடும். அதே நேரத்தில் பம்புக்கு எதிர்ப்பு கூடி அதன் ஓட்டம் குறையும். ஈசியுவின் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் சின்ன ரீமேப்புக்குக் கொஞ்சம் இடைவெளி தேவைப்பட்டால் சரி. புது டர்போவுக்கு இது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

அடுத்தது டேங்கிலேயே பெரிய பம்ப். பெரும்பாலோருக்கு இதுவும் இன்ஜெக்டரும் சேர்ந்தாலே போதும். பம்ப் பெட்டியில் போட்டிருக்கிற எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 255 லிட்டர் என்றால் அது 3 பாரை ஒட்டிய பிரஷரில், 13.5 வோல்ட்டில் அளந்தது. 1.5 பார் பூஸ்ட் அடிக்கும் வண்டியில், பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அந்த 1.5-ஐயும் சேர்த்துக் கேட்கும், பம்ப் 4.5 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். வோல்ட் 12-க்கு இறங்கினால் ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு போவது சாதாரணம். எந்த பிரஷரில் எவ்வளவு ஓட்டம் என்று காட்டும் தயாரிப்பாளரின் வரைபடத்தில் 4.5 பார் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அந்த வரைபடமே இல்லாத பம்பை நான் வாங்க மாட்டேன். பிரபலமான பம்புகளுக்குப் போலி ஏராளம். முத்திரையும் பெட்டியும் அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பதுதான் வேறு.

மூன்றாவது, இரட்டை பம்ப், பெரிய லைன், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் ரெயில் குழாய் புதிதாக, வெளியே ரெகுலேட்டர், டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் என்று முழு சிஸ்டம். 700, 800 குதிரைத்திறனைக் குறிவைப்பவர்களுக்கும், வளைவுகளில் டேங்கில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிற ரேஸ் டிராக் வண்டிகளுக்கும் இது வேண்டும். பின்னதற்கு, எப்போதும் நிறைந்தே இருக்கும் ஒரு சின்ன துணை டேங்க் (சர்ஜ் டேங்க்) மட்டுமே போதுமானதாகவும் இருக்கலாம். மற்றவர்கள் இதை மாட்டுவது பெரும்பாலும் பானெட்டைத் திறந்து காட்டுவதற்கு. அதுவும் ஒரு காரணம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிஸ்டம் பெரிதாகப் பெரிதாக ஒழுகக்கூடிய மூட்டுகளும் கூடுகின்றன. டேங்குக்குள் பம்ப் மாற்றும் வேலையில் பெட்ரோல் வெளியே வரக்கூடிய புது இடம் ஒன்றுகூட உருவாவதில்லை. முழு சிஸ்டத்தில் 20-க்குக் குறையாது. என்னைப் பொறுத்தவரை தானே மாட்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிற எண் அதுதான்.

டேங்கு

இந்த வேலையை நாமே செய்யலாம். பல கார்களில் பின் சீட்டுக்கு அடியில் மூடி இருக்கும்; டேங்கையே இறக்க வேண்டிய கார் என்றால் லிஃப்ட் இல்லாமல் தொடாதீர்கள். முதலில் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அதுவாக அணையும் வரை ஓடவிட்டால் லைனில் பிரஷர் இறங்கிவிடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்ற வேண்டும்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து தூரத்தில் எரிகிற சுடரைத் தேடிப் போகும். காற்றில் 1.4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். அதனால் ஷெட்டின் ஷட்டர்களையெல்லாம் திறந்து வையுங்கள். தொங்கவிடும் கண்ணாடி பல்பு வேண்டாம். கை தவறி விழுந்து உடைந்தால் அந்தச் சூடான இழையே போதும். டேங்க் மூடியின் வளையத்தைச் சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வைத்துத் தட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பித்தளைத் துண்டோ கட்டியான பிளாஸ்டிக்கோ வைத்துத் தட்டினால் பொறி வராது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் வேலை சுலபம், ஆனால் காலி டேங்கு நிறைந்த டேங்கைவிட ஆபத்து. அதில் இருப்பது முழுக்க ஆவி.

டேங்குக்குள் போடும் சின்ன ஹோஸ் துண்டில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். வெளியே ஓடும் சாதாரண பெட்ரோல் ஹோஸை உள்ளே போட்டால் அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறிக் கெட்டுப்போகும். மூழ்கியிருக்கவென்றே செய்த ஹோஸில் எஸ்ஏஇ 30ஆர்10 என்று அச்சடித்திருக்கும். வெளியே ரப்பர் போடுவதென்றால் 30ஆர்9. கையளவு துண்டுதான், ஆனால் அது பிய்ந்தால் பம்ப் தள்ளுவதெல்லாம் டேங்குக்குள்ளேயே கொட்டும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, பிரஷர் மட்டும் இருக்காது, காரணம் தெரியாமல் மண்டை காயும்.

வயர்

இதையும் நாமே செய்யலாம். அவசரமாக முடித்துக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பைவிட நாம் நன்றாகவே செய்யலாம். பேட்டரியிலிருந்து 4 அல்லது 6 சதுர மில்லிமீட்டர் வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பம்புக்குப் பக்கத்தில் ரிலே, நல்ல எர்த். கம்பெனி பம்ப் வயர் இனி ரிலேயைத் தட்டிவிட மட்டும்.

அந்தக் கடைசி வரியில் கவனமாக இருங்கள். ரிலேயை நேராக இக்னிஷன் சுவிட்சில் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாக முடியும், வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் இன்ஜின் நின்றதும் பம்பை நிறுத்துவது ஈசியுவின் வேலை. மோதலில் லைன் அறுந்து, சாவி ஆனிலேயே இருந்தால் நீங்கள் மாட்டிய பெரிய பம்ப் டேங்க் காலியாகும் வரை பெட்ரோலை வெளியே கொட்டும். அதனால் ரிலேக்குக் கட்டளை ஈசியு வழியாகவே வரட்டும்.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பம்பை ஒரே வேகத்தில் ஓட்டாமல், தேவைக்கேற்ப விட்டு விட்டுக் கரண்ட் கொடுக்கும் கன்ட்ரோலர் இருக்கும். பெரிய பம்ப் இழுக்கும் கரண்டை அது தாங்காமல் எரியலாம். அந்த வகை வண்டிக்கு இந்த எளிய ரிலே வயரிங் பொருந்தாது. அதற்கென்று செய்த கிட்டோ, விவரம் தெரிந்தவரோ வேண்டும்.

என் வண்டிக்கு வயர் மாற்றிய பிறகு அதே டைனோவில், அதே நண்பனின் மடியில், மீட்டர் 13.6-ல் நின்றது. பம்பும் இன்ஜெக்டரும் அதேதான்.

லைனும் இன்ஜெக்டரும்

சிலிண்டருக்கு வெளியே, காற்று உள்ளே போகும் வழியில் பெட்ரோலைத் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜெக்டர் மாற்றுவது ஒரு மாலை வேலை. கெடுவது எப்போதும் ஓ-ரிங்கில். காய்ந்த ஓ-ரிங்கை அழுத்தித் தள்ளினால் விளிம்பில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு விழும். கண்ணுக்குத் தெரியாது, 3 பாரில் சொட்டும். ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயிலைத் தடவி நேராக இறக்க வேண்டும். ரெயிலை இறுக்கிய பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு சுழன்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் ஏதோ கோணலாக மாட்டியிருக்கிறது; கழற்றிவிடுங்கள்.

வாங்கும்போதே இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸைப் பார்க்க வேண்டும். இப்போது வருபவை பெரும்பாலும் 12 ஓம் பக்கம். பழைய ஜப்பானிய டர்போ கார்கள் சிலவற்றில் 2, 3 ஓம் வகை இருந்தது. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26-ல் அதற்காகவே ரெசிஸ்டர் பெட்டி ஒன்று உண்டு. அந்த வண்டியில் 12 ஓம் போட்டால் அந்தப் பெட்டியை நீக்க வேண்டும். மாறாக 12 ஓமுக்குச் செய்த ஈசியுவில் 2 ஓமை நேராகக் கொடுத்தால் ஈசியுவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் சர்க்யூட் புகைந்துவிடும்.

லைனுக்கு வருவோம். கம்பி பின்னிய ரப்பர் ஹோஸ் பார்க்க அழகு, வெட்டி மாட்டச் சுலபம், ஆனால் சில வருஷத்தில் ரப்பர் வழியாக ஆவி கசிந்து ஷெட் முழுக்க நாறும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) உள்தோல் போட்ட ஹோஸில் அந்த நாற்றம் வராது, எத்தனாலும் அதை ஒன்றும் செய்யாது. கூர்மையாக வளைத்தால் மடங்கிவிடும், பிட்டிங் மாட்டப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான் குறை. இரண்டில் நான் பிடிஎஃப்இ பக்கம். பெட்ரோல் வேகமாக ஓடும்போது நிலைமின்சாரம் சேரும் என்பதால், கார்பன் கலந்து கறுப்பாக இருக்கும் உள்தோலைத் தேடி வாங்குங்கள். பிட்டிங்கில் ஏஎன் 6, ஏஎன் 8 என்னும் எண்கள் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்த கணக்கு; 500 குதிரைத்திறன் பெட்ரோலுக்கு 6 போதும். ஏஎன் வாய் 37 டிகிரி சாய்வு. வேறு வேலைக்கான 45 டிகிரி பிட்டிங்கை அதில் திருகினால் மரை ஏறுவது போலத்தான் இருக்கும், மாட்டியதும் சொட்டும்.

கிட்டாக வாங்குவதா, தனித்தனியாகச் சேர்ப்பதா என்றால், லைன் வேலை முதல்முறை செய்பவருக்கு உங்கள் மாடலுக்கென்றே செய்த கிட்டைத்தான் சொல்வேன். நீளம் வெட்டி, பிட்டிங் போட்டு, சோதித்தே வரும். தனித்தனியாகச் சேர்த்தால் மலிவு என்பது நாலாவது முறை தவறான அடாப்டர் வாங்கும் வரைதான்.

பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை ஒர்க்ஷாப்பில் விட்டுவிடுங்கள். அங்கே பிரஷர் 3 பார் இல்லை; 150-லிருந்து 350 வரை. பிரஷர் இறங்காத லைனைத் தளர்த்தினால் பீய்ச்சும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரி தெரியும் காயத்துக்கு உடனே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். இன்ஜெக்டரின் டெஃப்லான் வளையத்தை விரித்து மாட்டி மறுபடி அளவுக்குச் சுருக்கத் தனிக் கருவி வேண்டும். இரும்புக் குழாய்களைப் பல தயாரிப்பாளர்கள் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தவிடுவதில்லை. நேரமும் குறைவு: 6000 ஆர்பிஎம்மில் நாலு ஸ்ட்ரோக்கும் முடிய, அதாவது இரண்டு சுற்றுக்கு, 20 மில்லிசெகண்ட், போர்ட் இன்ஜெக்டருக்கு அதில் 16 கிடைக்கும், டைரக்ட் வகைக்கு உறிஞ்சும் நேரமும் அமுக்கும் நேரத்தில் கொஞ்சமும்தான். அதனால்தான் அந்த வண்டிகளில் பெரிய ஹைபிரஷர் பம்ப் போடுகிறார்கள், இல்லையென்றால் போர்ட் இன்ஜெக்டர்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். இரண்டும் வீட்டு ஷெட்டுக்கு அடங்காத வேலை.

ஈசியு

இதை, ஈசியுவின் கணக்கைத் திருத்தும் ட்யூனரிடம் விடுங்கள். புது இன்ஜெக்டர் மாட்டிவிட்டு "மெதுவாக ஓட்டியே ட்யூனரிடம் கொண்டுபோகிறேன்" என்பவர்கள் உண்டு. 440-ஐ எடுத்துவிட்டு 1000 போட்டால், ஈசியு பழைய கணக்கிலேயே திறக்கும். இரண்டு மடங்குக்கு மேல் கொட்டும். சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவி, கீழே ஆயிலோடு கலக்கும். வண்டியை ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் ஒரு தொடக்க மேப்பையாவது முன்கூட்டியே வாங்கி ஏற்றியிருக்க வேண்டும்.

இன்ஜெக்டர் அளவை மட்டும் சொன்னால் ட்யூனருக்குப் போதாது. கரண்ட் வந்த நொடிக்கும் வாய் திறக்கும் நொடிக்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கிறது, வோல்ட்டைப் பொறுத்து மாறும், 1 மில்லிசெகண்ட் பக்கம். ஐடிலில் மொத்தமே 2, 3 மில்லிசெகண்ட்தான் திறக்கும் என்றால் அந்தத் தாமதத்தில் சின்னப் பிழைகூட ஐடிலை ஆட்டிவிடும். இந்த அட்டவணையோடு வரும் இன்ஜெக்டரை வாங்குங்கள். அது இல்லாத மலிவு செட்டில் மிச்சம் பிடித்த பணம் ட்யூனரின் மணிக்கணக்கில் போய்விடும்.

புகையை வைத்துக் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரும், பெட்ரோல் பிரஷர் சென்சாரும் மாட்டுவது நம் வேலை, ட்யூனரிடம் போவதற்கு முன்பே. பூஸ்டில் பெட்ரோல் குறைந்தால் கலவை லீனாகும் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு), நாக்கிங் வரும் (கலவை தாறுமாறாக வெடிக்கும்), பிஸ்டன் உருகும். இதற்குச் சில விநாடிகள் போதும், காதில் கேட்கும்போது முடிந்திருக்கும். லாம்டா (கலவையின் அளவுகோல்; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.8 பக்கம் நிற்கிறதா என்று வைட்பேண்ட் சொல்லும். ஏன் நிற்கவில்லை என்று பிரஷர் சென்சார்தான் சொல்லும். நான் பம்பைத் திட்டிய அந்த இரண்டு வாரமும் வண்டியில் அது இல்லை.

ஆக, போர்ட் இன்ஜெக்ஷன், மேல்வழியாகத் திறக்கும் டேங்க், 500-ஐ ஒட்டிய கணக்கு என்றால் பம்ப், வயர், இன்ஜெக்டர் மூன்றையும் நீங்களே மாட்டுங்கள். ரிட்டர்ன் லைன் இழுப்பதென்றால் கிட் வாங்கி, கூட ஒரு அனுபவசாலியை வைத்துக்கொள்ளுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் வயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டி வாரன்டியில் இருந்தாலும், புகைச் சோதனைச் சட்டம் கடுமையான ஊரில் ஓடினாலும் முதல் போல்ட்டைத் தொடும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.

மாட்டி முடித்த நாளில் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஒருவர் தீயணைப்பானைக் கையில் பிடித்து நிற்கட்டும். சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். நாலைந்து முறை அப்படிச் செய்து, வெள்ளை டிஷ்யூவால் ஒவ்வொரு மூட்டின் அடிப்பக்கத்தையும் துடைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாக ஓடி நின்ற பிறகு இன்னொரு முறை. ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டு அடிப்படை பிரஷரை 3 பாரில் வையுங்கள். பெரிய பம்போடு ஐடிலில் 3-க்குக் கீழே இறங்கவே மறுத்தால் ரெகுலேட்டரோ ரிட்டர்ன் லைனோ சின்னது. டைனோவில் பூஸ்ட் ஏற ஏற, பெட்ரோல் பிரஷரில் பூஸ்ட்டைக் கழித்த கோடு கடைசி ஆர்பிஎம் வரை 3-லேயே படுத்திருக்கிறதா என்று லாக்கில் பாருங்கள். அதுவரைக்கும் பின் சீட்டை மாட்டாதீர்கள். நான் மூன்று முறை கழற்றியிருக்கிறேன்.